மூஞ்சி மாறாத ரிசீவர்

அந்த நாலைந்து வருஷத்தில் என் காலில் செருப்பு இருந்த நாளெல்லாம் அது புதுச்செருப்பாகத்தான் இருந்தது. ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாம் அவருடையது. கடையில் வாங்கிய கையோடு என்னிடம் கொடுத்துவிடுவார்.

"ரெண்டு வாரம் போட்டுகினு சுத்து நைனா. வாரு தளந்து, அடி கொஞ்சம் தேஞ்சதும் கொண்டாந்து குடு."

நானும் அணுபுரம், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் என்று மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு போய் அவர் செருப்பைப் பழையதாக்கிக் கொடுப்பேன். கடிக்கிற நாட்கள் எனக்கு, சுகமான நாட்கள் அவருக்கு. அதில் எனக்கு வருத்தம் இருந்ததாக ஞாபகம் இல்லை. சித்திரை வெயிலில் வெறுங்காலோடு பெடல் மிதிப்பதற்குக் கடிக்கிற செருப்பு எவ்வளவோ மேல்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் கூசுவார். தன் கல்யாணப் பத்திரிகையில் பெயர் பளபளவென்று அச்சாகி வந்தபோது அதை எண்ணெய்க் கையால் ஒரு தேய் தேய்த்துவிட்டுத்தான் வாசித்தாராம். அவர் மனைவி சொல்லியிருக்கிறார்.

அவருக்குப் புதுசு என்றால் கூச்சம். அவரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அதுதான். தீபாவளிச் சட்டையை ஆடி மாசமே வாங்கி, துவைத்துத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போடுவார். தீபாவளியன்று அவர் இருந்த குவார்ட்டர்ஸ் முழுக்கப் புதுத்துணி மொடமொடவென்று நடமாடும். அவர் மட்டும் நேற்றும் அதையே போட்டிருந்த மாதிரி வெளுத்த சட்டையில் வருவார். சைக்கிள் வாங்கியபோது ஸ்டிக்கரையெல்லாம் பிளேடால் சுரண்டிவிட்டு, செம்மண்ணைக் கரைத்துப் பூசினார். யாராவது "புதுசா?" என்று கேட்டால், "ச்சே, ரொம்ப நாளா கீது" என்பார்.

"மூஞ்சி பழசா இருந்துச்சுன்னா எவனும் கேள்வி கேக்கமாட்டான்." இதை அவர் வாயிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

நான் செங்கல்பட்டுக்காரன். ரயில்வே லைன் ஓரம் வீடு. ஏழாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று எனக்கும் தோன்றியது, வீட்டுக்கும் தோன்றியது. இறால் பண்ணையில் தீனி போட்டேன். மாமல்லபுரத்தில் சிலைகளுக்குப் பாலிஷ் பிடித்தேன். தூசி நெஞ்சில் இறங்கி இருமல் நிற்காததால் விட்டேன். லாட்ஜில் படுக்கை விரித்தேன். ஓரிடத்தில் ஒரு வருஷம் தாண்டினால் எனக்குக் கால் அரிக்கும். கடைசியில் பழைய சாமான் எடுக்கிற வேலைக்கு வந்தேன். புதுப்பட்டினத்தில் ஒரு கடைக்காரர் வண்டி கொடுத்தார். அணுமின் நிலையத்து ஆட்கள் குடியிருக்கும் அணுபுரம் குவார்ட்டர்ஸில் ரிட்டயர் ஆகிறவர்கள், மாற்றலாகிப் போகிறவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது ஏற்ற முடியாததையெல்லாம் எடைக்குத் தள்ளுவார்கள். அதை ஏற்றி வருவதுதான் என் வேலை.

அப்படி ஒருநாள் ஏற்றி வந்துகொண்டிருந்தபோது ஒருவர் சைக்கிளைக் குறுக்கே போட்டு நிறுத்தினார். வண்டிக்குள் கையை விட்டு, பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். இரும்பும் தாமிரக்கம்பியும் சுற்றிய கட்டி. குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார்.

"இது இன்னா எடை?"

"தூக்கிட்டீங்களே சார், நீங்களே சொல்லுங்க."

"எடைக்குத்தான குடுப்ப?"

"தாமிரம் சார். தாமிர வெல."

அதை மெல்ல வண்டியில் இறக்கி வைத்தார். "வூட்டுக்குக் கொண்டாராத. கூட்டுறவு ஸ்டோருக்குப் பின்னால நில்லு. தவுட்டு மூட்டைல சுத்தி எடுத்துனு வா."

இப்படித்தான் ஆரம்பித்தது.

அவர் வீட்டு ஹாலில் ஷோகேஸ் நடுவில் ஒரு பெட்டி இருந்தது. ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி. ரிசீவர் என்பார். முன்பக்கம் மங்கிய வெள்ளி நிறம், ஒரு மூலையில் நசுங்கல், ரேடியோ எண்கள் மீது மஞ்சள் விளக்கு, பெரிய வால்யூம் குமிழ். கல்யாணமான புதிதில் வாங்கியது. பதினைந்து பதினாறு வருஷமாக அதே பெட்டிதான் என்று வீட்டுக்கு வருகிற எவரும் நினைப்பார்கள். உண்மையில் அதற்குள் பழையது என்று ஒன்றும் மிச்சமில்லை. ஒரு வருஷம் பெரிய டிரான்ஸ்ஃபார்மர். அடுத்த வருஷம் புது போர்டு. ரெண்டு ஸ்பீக்கருக்கான பெட்டி நாலுக்கு மாறி, டிவிடி வந்த காலத்தில் ஐந்துக்கு மாறியது. மாறாதது அந்த மூஞ்சி மட்டும்தான். உள்ளே சாமான் பெருகப் பெருக, பெட்டி பின்பக்கமாக வளர்ந்தது. ஷோகேஸின் பின்பலகையை அறுத்துச் சுவர்வரைக்கும் இடம் விட்டார். முன்னாலிருந்து பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது.

ஸ்பீக்கரையும் அப்படித்தான் ஒளித்தார். ரெண்டு மண்பானையை வாங்கி, ஒரு மழைக்காலம் முழுக்க வெளியில் போட்டுப் பாசி பிடிக்கவைத்து, உள்ளே ஸ்பீக்கரைப் பொருத்தி ஹாலின் பின்மூலைகளில் கவிழ்த்தார். அழகுக்காம். கீழ்ச்சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர் ஒரு மரப்பெட்டிக்குள் போனது. அந்தப் பெட்டியின் மீதுதான் அவர் மனைவி தையல் மெஷினை வைத்திருந்தார்.

அவரை நான் சார் என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். "ஒரே வூட்ல ஒருத்தரு ஆபீசரு, ஒருத்தி சொந்தமா?" என்று அக்கா கேலி செய்வார்.

ஒவ்வொரு தடவை உள்ளே ஏதாவது மாற்றியதும் அவர் போட்டுப் பார்ப்பது ஒரே கேசட்தான். பாட்டு இல்லை, படம் இல்லை. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவரே பதிவு செய்த ரயில் சத்தம்.

"கண்ண மூடு நைனா. ஏரி வரும், சொல்லு."

மத்தியான வேளை. ஃபேன் ஓடும். மொசைக் தரை முதுகுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். கண்ணை மூடினால் ரயில் சுவர்களுக்கும் மரங்களுக்கும் நடுவே தடதடவென்று வரும். யாரோ இருமுவார்கள். கொய்யாப்பழக்காரி தூரத்திலிருந்து வந்து, என் தலைக்குப் பக்கத்தில் நின்று, தாண்டிப் போவாள். பரனூர் தாண்டியதும் சத்தம் மெல்ல மாறும். குறையாது, விரியும். ஏரிக்குச் சத்தம் கிடையாது. ரயில் சத்தம் போய் மோதித் திரும்பி வர ஒன்றுமில்லாத இடம் அது. அவ்வளவு தண்ணீர். தூக்கமா விழிப்பா என்று எனக்குத் தெரியாது. நான் சின்ன வயசில் குளித்த கரை, துணி காய்ந்த கம்பி, தண்ணீர் மேல் ரயிலின் நிழல் ஓடுவது எல்லாம் அந்த ஹாலுக்குள் வந்து போகும்.

"வந்துடுச்சு சார்."

"எங்க வந்துச்சு?"

"இதோ, இந்தப் பக்கம். கால்கிட்ட."

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்போது அடுப்படியிலிருந்து அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்ப்பார்.

"அதே ரயிலுதான?"

"அதேதான்."

"அதே பொட்டி, அதே ரயிலு. நல்லாதான் கீது போ."

அக்கா உள்ளே போனதும் அவர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். ஐம்பதை நெருங்கிய மனிதர், திருட்டு மாங்காய் தின்ற பையன் மாதிரி.

ஒருநாள் சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் என் வண்டி மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தோம். கேட்காமலே சொன்னார்.

"சித்தப்பா வூட்ல வளந்தேன். புதுசா எது வந்தாலும் அவங்க புள்ளைக்கு. பழசானா எனக்கு. ஒருக்கா மாமா ஒருத்தரு எனக்குன்னு புது டவுசர் வாங்கியாந்தாரு. நேரா கெணத்தடிக்குப் போயி சேத்துல பொரட்டி, கல்லுல தேச்சு, போட்டுகினு வந்து நின்னேன். யாரும் கேக்கல. வுட்டுட்டாங்க."

கடலைத் தோலை ஊதிவிட்டு அடுத்ததை உடைத்தார். அலை வந்துகொண்டிருந்தது. 

ஆனால் வீட்டில் ஒளிக்கக் காரணம் வேறு. அதைக் குவார்ட்டர்ஸில் எல்லோரும் அறிவார்கள். முன்பு குடித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்தால் நேராகப் புதுப்பட்டினம், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து சேர்க்கவேண்டும். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவரை மகள்தான் முதலில் பார்த்தாள், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது. அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு மதுராந்தகம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வருவதற்கு ரெண்டு நிபந்தனை. சம்பளம் கைபடாமல் வீட்டுக்கு வரவேண்டும். எதையும் மறைக்கக்கூடாது. மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். குடியை விட்டார். வேலை விட்டு வந்த சாயங்காலங்களில் சும்மா இருந்த கைக்கு ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

கேன்டீனில் டிபன் சாப்பிடாமல், பஸ்ஸில் போகாமல் சைக்கிளில் போய், அக்கா கைச்செலவுக்குக் கொடுப்பதில் மிச்சம் பிடித்த காசில்தான் இவ்வளவும். "குடிக்கல, அதுல சத்தியம் நிக்குது. மறைக்கிறேன், அது மட்டுந்தான்" என்று ஒருநாள் சொன்னார். பிடிபட்டால் அக்கா இன்னொரு தடவை மதுராந்தகம் பஸ் ஏறிவிடுவார் என்ற பயம் அவருக்கு உள்ளூர இருந்தது.

பிடிபட்டது என்னால்தான்.

அந்த வாரம் குவார்ட்டர்ஸ் முழுக்க வெள்ளையடித்திருந்தார்கள். பிளாக் நம்பர்களை இன்னும் எழுதவில்லை. அங்கே எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரே பச்சைக் கதவு, ஒரே மாடிப்படி, ஒரே துவைக்கிற கல். மாடிப்படிக்குக் கீழே நிற்கும் அவர் சைக்கிள்தான் எனக்கு அடையாளம். அன்று அவர் மூட்டையை மாடிப்படிக்குக் கீழேயே வைத்துவிடச் சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போயிருந்தார், சைக்கிளும் கூடவே போயிருந்தது. தவிட்டு மூட்டையில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். அது பக்கத்து பிளாக்.

அணுபுரம் மாதிரி இடத்தில் மாடிப்படிக்குக் கீழே சொந்தக்காரர் இல்லாத கனமான பொருள் ஒன்று கிடந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. ஒரு அம்மாள் மூட்டையைத் திறந்து, கம்பியும் இரும்பும் பார்த்து அலறியிருக்கிறார். நான் அடுத்த தெருவில் பேப்பர் எடைபோட்டுக்கொண்டிருந்தவன், கூட்டத்தைப் பார்த்து ஓடி வந்தேன். செக்யூரிட்டி ஒருவர் லத்தியை நீட்டி எல்லோரையும் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். அவரும் பின்னால்தான் போய்க்கொண்டிருந்தார்.

"தொடாதீங்க, தொடாதீங்க! மேல சொல்லியிருக்கேன், ஆளு வராங்க!"

"ஒயரெல்லாம் கீது சார் அதுல!"

"புள்ளைங்கள உள்ள இட்டுனு போங்கம்மா!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தார். கையில் பாதி தைத்த ஜாக்கெட். மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குனிந்து ரெண்டு கையாலும் அதைத் தூக்கினார். தூக்கியதும் ஒரு நொடி அப்படியே நின்றார், எடை பார்க்கிற மாதிரி.

"எங்க வூட்டு ஸ்டெபிலைசரு. அவருதான் கொண்டாரச் சொன்னாரு. இதுக்கா இவ்ளோ கூத்து?"

செக்யூரிட்டி லத்தியைக் கீழே இறக்கினார். "மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா? என் உசுரே போயி வந்துச்சு."

நான் மூட்டையை வாங்கிக்கொண்டு அக்கா பின்னாலேயே நடந்தேன்.  துவைக்கிற கல் கிட்டே அக்கா நின்றார்.

"எங்க வெக்கணுமோ அங்க வை தம்பி. எனக்குத் தெரியாத மாரி."

"அக்கா..."

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அந்தப் பொட்டியத் தூக்கித் தொடைக்கிறவ நானு. கல்யாணமான புதுசுல ஒரு கையால தூக்குவேன். ஒருநா ரெண்டு கை வேண்டியிருந்துச்சு. அப்பறம் இடுப்புக் குடுத்துத் தூக்க வேண்டியிருந்துச்சு. மூஞ்சி அதே மூஞ்சிதான். கனம் மட்டும் எப்பிடி ஏறும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

"அதுக்கு முன்னாடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டூட்டி முடிஞ்சு வந்ததும் ரெண்டு தட்டு சோத்த அள்ளி அள்ளித் தின்னுவாரு. கேன்டீன்ல சாப்புடல, காசு எங்கயோ போவுது. திரும்ப ஆரம்பிச்சிட்டாருன்னே நெனச்சேன். தூங்கறப்ப வாய மோந்து பாத்துகினு ஒக்காந்திருப்பேன். பொண்ணு துணிமணியெல்லாம் மடிச்சிப் பையில வச்சிட்டேன் தம்பி. அந்த வெள்ளிக்கிழம பொட்டியத் தூக்கறேன், கனக்குது. அப்பிடியே கீழ ஒக்காந்து அழுதேன். அப்பாடா, காசு இதுக்குள்ளதான் போயிருக்குன்னு."

"அப்ப சார்கிட்ட சொல்லிடலாமேக்கா? அவரும் பயந்துகினுதான் கீறாரு."

"சொன்னா இன்னா பண்ணுவாரு தெரியுமா? கூசிப்போயி வுட்டுடுவாரு. எல்லாத்தையும் கழட்டி உன் வண்டியில ஏத்திடுவாரு. அப்பறம் சாயங்காலம் ஆனா அந்தக் கைய எங்க வெப்பாரு?" ஜாக்கெட்டில் ஊசியைக் குத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியக்கூடாது. பாத்துக்கோ."

சாயங்காலம் அவர் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் குவார்ட்டர்ஸே அவருக்குக் கதை சொல்லிவிட்டது. வியர்த்துப்போய் வீட்டுக்குள் நுழைந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"அது ஒண்ணும் இல்ல, ஸ்டெபிலைசரு. ஃப்ரிட்ஜுக்கு" என்றார் அக்காவிடம்.

அவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜே கிடையாது.

"நல்லதாப் போச்சு" என்றார் அக்கா. "ஃப்ரிட்ஜு வாங்கினா ஒதவும்."

அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு அந்த வரிசையில் பார்க்கிறவர்களெல்லாம் ஃப்ரிட்ஜ் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரெண்டு பேருடைய ரகசியத்தையும் ஒரே வண்டியில் வைத்து மிதித்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றும் பாரமாக இல்லை. அந்த ஹாலில் போய்ப் படுப்பதற்காகவே நான் அந்த ஊரில் தங்கினேன் என்று இப்போது தோன்றுகிறது. வழக்கமாக ஒரு வருஷத்தில் கிளம்பிவிடுகிறவன், அங்கே மூன்றாவது வருஷம் ஓடியது தெரியவில்லை.

பிறகு மகள் காலேஜ் சேர்ந்தாள். ஃபீஸ், ஹாஸ்டல். அவர் மிச்சம் பிடித்ததெல்லாம், அக்கா கேட்காமலே, அதற்குப் போனது. அந்த மழைக்காலத்தில் ஒரு இடி. பெட்டிக்குள்ளிருந்து கருகல் வாசம் வந்தது. திறந்து பார்த்து மூடி வைத்துவிட்டார்.

"முடிஞ்சுது நைனா. இதுக்கு மேல செலவு பண்ணா நான் மனுசன் இல்ல."

ஷோகேஸில் பெட்டி அப்படியே இருந்தது. மூஞ்சியைப் பார்த்தால் செத்தது தெரியாது. அவரைப் பார்த்தால் தெரிந்தது. சாயங்காலம் வந்ததும் நகத்தைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். எழுந்து சட்டையை மாட்டுவார். "நடந்துட்டு வரேன்" என்பார்.

ஒருநாள் புதுப்பட்டினம் கடைத்தெருவில் வண்டியை விட்டு இறங்கும்போது அவரைப் பார்த்தேன். ஒயின்ஷாப்புக்கு எதிரே, மூடிக்கிடந்த கடை ஒன்றின் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகவில்லை. போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டு, ரெண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு நின்றார். நான் கூப்பிடவில்லை. மறுநாளும் அதே இடத்தில் நின்றார். மூன்றாம் நாள் ரோட்டைத் தாண்டி ஒயின்ஷாப் பக்கமே வந்து நின்றார்.

நான் நேராக அக்காவிடம் போனேன்.

கேட்டுவிட்டு அக்கா மெஷினை நிறுத்தினார். எழுந்து உள்ளே போய், சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்து வந்தார். ஜாக்கெட் தைத்த காசு.

"மூணாவது வரிசையில ஒரு ஆபீசரு ரிட்டயர் ஆயி வூட்டக் காலி பண்றாரு. ஃபாரின்லேர்ந்து வாங்கியாந்த பெரிய ரிசீவர் கீது. அந்தம்மாவுக்கு நான்தான் ஜாக்கெட் தைக்கிறது. முன்னாடி வெளக்கு எரியறதில்ல, நம்பரே தெரியல, யாரும் கேக்க மாட்டேங்கறாங்கன்னு சொல்லிச்சு. பேசி வச்சிட்டேன். போயி எடுத்தாந்து அவருகிட்ட குடு. எடைக்கு வந்துச்சுன்னு சொல்லு."

அதை வண்டியில் ஏற்ற ரெண்டு ஆள் பிடித்தது. கூட்டுறவு ஸ்டோருக்குப் பின்னால் மூட்டையைப் பிரித்துக் காட்டியபோது அவர் பின்வாங்கினார்.

"வேணாம். நான்தான் சொன்னனே."

"எடைக்கு வந்தது சார். இரும்பு வெல. வச்சிருந்து எப்ப முடியுமோ அப்ப குடுங்க."

"இத எவன்டா எடைக்குப் போட்டான்?"

"முன்னாடி வெளக்கு செத்துப்போச்சாம் சார். நம்பர் தெரியலன்னு தள்ளிட்டாங்க."

குனிந்து அதன் கறுத்துப்போன கண்ணாடியைத் தடவினார். மேல்மூடியின் ஓட்டைகள் வழியாக உள்ளே பார்த்தார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

"மூஞ்சி மட்டுந்தான செத்துப்போச்சு?" என்றார். "நம்மகிட்ட மூஞ்சி கீது."

அன்றிலிருந்து சாயங்காலங்களில் அவர் எங்கும் போகவில்லை. அக்கா கோயிலுக்கு, ரேஷனுக்கு, ஜாக்கெட் கொடுக்க என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி வெளியே போய்க்கொண்டே இருந்தார். அவ்வளவு ஜாக்கெட் அந்த ஊரில் யாரும் தைக்கவில்லை. அந்தப் பெரிய உடம்பை இந்தச் சின்ன முகத்துக்குப் பின்னால் எப்படி நுழைத்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பழைய குமிழைத் திருகினால் புதியது கேட்டது. மஞ்சள் விளக்கு பழையபடி எரிந்தது.

கேசட்டைப் போட்டார். தரையில் படுத்தேன். ரயில் பரனூரைத் தாண்டியது. அன்று ஏரி கால்பக்கத்தோடு நிற்கவில்லை. ஹாலின் நாலு சுவரும் இல்லாமல் போயின. தண்ணீர் என்னைச் சுற்றி நின்றது. கொய்யாப்பழக்காரி கரையில் எங்கோ தூரத்தில் சின்னதாகக் கூவினாள். கண்ணைத் திறக்கவே எனக்கு மனசில்லை.

"அதே ரயிலுதான?" என்று அடுப்படி வாசலில் அக்கா குரல் கேட்டது.

"அதேதான்" என்றார். 

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் பழைய பேப்பர் எடுக்கப் போனேன். வாசலில் உட்கார்ந்து தராசைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா குளித்துவிட்டு, ஈரத்துணியோடு ஷோகேஸ் முன்னால் வந்து நின்றார். பெட்டியின் ரெண்டு பக்கமும் கை கொடுத்தார். அசையவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார். அசையவில்லை.

அவர் பேப்பரைத் தாழ்த்தாமல் அதற்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 

அக்கா திரும்பாமலே சொன்னார்.

"ஏங்க. ஒரு கை புடிங்க."

பேப்பர் கீழே இறங்கியது. எழுந்து வந்தார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அக்கா. தூக்கினார்கள். நடுவில் அந்தப் பழைய மூஞ்சி, மஞ்சள் விளக்கோடு.

"இத்தினி வருசமா ஒண்டியாவா தூக்கின?" என்று கேட்டார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"அப்ப தூக்க முடிஞ்சுது" என்றார் அக்கா. "நல்லாப் புடிங்க, நான் அடியில தொடைக்கிறேன்."

அவர் முழுக் கனத்தையும் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். அக்கா குனிந்து, அவசரமே இல்லாமல், மூலைமுடுக்கெல்லாம் துடைத்தார். நான் தராசில் படிக்கல்லை வைக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் எனக்கு வேலை குறைந்துவிட்டது போல் இருந்தது. கால் அரிக்கத் தொடங்கியது. கூடுவாஞ்சேரியில் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன, வாட்ச்மேன் வேலை இருக்கிறது என்றார்கள். வண்டியைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, புதுப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் வெறுங்காலோடு நின்றிருந்தபோது அவர்கள் ரெண்டு பேரும் எதிரே வந்தார்கள். அவர் நொண்டிக்கொண்டு வந்தார். பார்த்தால் காலில் புதுச்செருப்பு. வார் விறைத்து, பளபளவென்று, கடைப் பசை வாசம்கூடப் போகாத செருப்பு. குதிகாலில் தோல் உரிந்திருந்தது.

"கடிக்குதா சார்?"

"கடிக்குது நைனா."

"கழட்டுங்க. ரெண்டு வாரம் நான் போட்டுத் தரேன்."

பஸ் ஸ்டாண்டே பார்க்கிற மாதிரி ரெண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, குனிந்து செருப்பைப் பார்த்தார். அக்கா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்" என்றார். "கடிக்கட்டும்."